பழைய சல்லிக்காசுக்கு என்ன விலை? புதிதாகச் சேர்ப்பவர்களுக்கு

பெட்டகத்திலோ பழைய ரின்னிலோ ஒரு பிடி சல்லிக்காசு அகப்பட்டால், மட்டக்களப்பில் நம் கை முதலில் போவது பழப்புளிக்குத்தான். குத்துவிளக்கைப் போல மினுக்கிவிடுவோம்.

படி 1: மினுக்காதீர்கள். புளியும் தேசிக்காயும் செம்பை அரிக்கும். காலத்தால் படிந்த பழுப்பு நிறம் போனால் திரும்பி வராது. விலையும் அதோடு போய்விடும். மண் ஒட்டியிருந்தால் வெறும் தண்ணீரில் ஊறவைத்து, தேய்க்காமல் துணியால் ஒற்றி எடுங்கள்.

படி 2: நிலையைப் பாருங்கள். காசை விளிம்பில் பிடித்து, விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்துப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். ஐந்தாம் ஜோர்ஜ் காலத்து ஒரு சதம் என்றால், மேடான இடங்கள்தான் முதலில் தேயும்: மன்னரின் முடி, புருவம், பின்பக்கத்து மரத்தின் ஓலைகள். ஓலைக் கீற்றுகள் தனித்தனியாகத் தெரிந்தால் நல்ல காசு. முகம் வெறும் நிழலாகத் தெரிந்தால் தேய்ந்தது. புழக்கத்துக்கே வராத காசில் ஒளி வட்டமிட்டுச் சுழலும். ஒரே ஆண்டுக் காசுதான், ஆனால் விலை பல மடங்கு. உலக அளவில் இந்த நிலைக்கு 1 முதல் 70 வரை புள்ளி போடுகிறார்கள்.

படி 3: எத்தனை மிஞ்சியிருக்கின்றன? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். வயது வேறு, அரிதாக இருப்பது வேறு. இராஜராஜன் பெயர் பொறித்த சோழர் செப்புக்காசு ஆயிரம் ஆண்டுப் பழசு. ஆனாலும் ஏராளமாகக் கிடைப்பதால் தேய்ந்த ஒன்றுக்குப் பெரிய விலை இல்லை. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் செப்புக்காசும் அப்படித்தான். எத்தனை அடித்தார்கள் என்பதோடு எத்தனை உருக்கப்பட்டன என்பதும் கணக்கு. 1957 இல் புத்த ஜயந்திக்கு வெளியான வெள்ளி ஐந்து ரூபாயில் ஒரு பகுதி பிறகு உருக்கப்பட்டது. அரிதான காசானாலும் தேடி வாங்க ஆள் வேண்டும், சரிதானே?

படி 4: விலை. இணையத்தில் ஒருவர் கேட்கும் விலையை நம்பாதீர்கள். இபே என்ற இணைய விற்பனைத் தளத்தில் விற்று முடிந்தவற்றைப் பாருங்கள். விக்டோரியா காலத்து 10, 25, 50 சதங்கள் வெள்ளி. எவ்வளவு தேய்ந்தாலும் உலோக விலையாவது உண்டு.

படி 5: பாதுகாப்பு. வாவிக்காற்றில் உப்பும் ஈரமும் அதிகம். செம்பில் பச்சைக் களிம்பு பிடிக்கும். மென்மையான பிவிசி பிளாஸ்டிக் உறைகளைத் தவிருங்கள். காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள்.

கிணறு வெட்டும்போது கிடைத்த காசென்றால் விற்க ஓடவேண்டாம். 1815 மார்ச் 2க்கு முந்தியவை தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். அனுமதியில்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது.