சென்சாரா, கப்ளரா? கடலோரத்தில் ஓடும் பைக்கின் இன்ஜின் விளக்கு எரிந்தால்

மண்டபம், பாம்பன், தனுஷ்கோடி என்று உப்புக்காற்றிலேயே ஓடுகிற பைக்கில் மஞ்சள் இன்ஜின் விளக்கு அணையாமல் நின்றால், உடனே புது சென்சார் வாங்கப் போக வேண்டாம். இந்தக் கரையில் பெரும்பாலும் முதலில் கெடுவது சென்சார் அல்ல, அதை வயரோடு இணைக்கும் செருகியான கப்ளர்தான். உள்ளே பின்களில் பச்சைக் களிம்பு பூத்து மின்தடை ஏறிவிடும். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகை விதி வந்தபின் ஏறக்குறைய எல்லா பைக்கும் ஃப்யூயல் இன்ஜெக்ஷன், அதாவது கார்புரேட்டருக்குப் பதில் மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை. சென்சார்களிலிருந்து 5 வோல்ட்டுக்குள் வரும் சிறு மாற்றத்தை வைத்துத்தான் இசியு, அதாவது இன்ஜினின் கட்டுப்பாட்டுக் கணினி, பெட்ரோலை அளக்கிறது. களிம்பு அதில் அரை வோல்ட்டைத் தின்றாலே கணக்கு தப்பும்.

முதலில் பேட்டரி. இன்ஜின் நின்றிருக்கும்போது 12.4 வோல்ட்டுக்குக் குறைந்தால் சார்ஜ் ஏற்றிவிட்டுத் தொடருங்கள். செல்ஃப் அடிக்கும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தாலும் இசியு குழம்பி, பொய்யான கோளாறுக் குறியீடு (கோட்) போடும். அடுத்தது எர்த். இன்ஜின் ஓடும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகடிவிலும் மற்றதை இன்ஜின் உடலிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போல்ட்டில் துரு இருக்கிறது. அதைக் கழற்றிச் சுரண்டி முறுக்கினாலே சில வண்டிகளில் வேலை முடிந்துவிடும்.

பிறகு குறியீட்டைப் படித்து, அழிக்கும் முன் எழுதி வையுங்கள். அதைப் படிக்கும் ஸ்கேனர் கருவி இல்லாவிட்டாலும் பல வண்டிகள் விளக்கை மினுக்கிச் சொல்லும். ஹோண்டாவில் நீண்ட மினுக்கு 10, சின்ன மினுக்கு 1. சின்னதாக எட்டு முறை மினுக்கினால், ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் த்ராட்டில் பொசிஷன் சென்சார். நீண்டது இரண்டு, சின்னது ஒன்று என்றால் 21, அதாவது புகையிலுள்ள ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சார். குறியீடு காட்டுவது அந்தச் சென்சாரின் சர்க்யூட்டை மட்டுமே. கெட்டது சென்சாரா, வயரா, கப்ளரா என்பதை நாம்தான் பிரிக்க வேண்டும்.

வெப்ப சென்சாரில் அதைப் பிரிப்பது எளிது. ஸ்கேனரில் பி0118 என்று வந்தால் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்ப சர்க்யூட்டில் வோல்ட்டேஜ் அதிகம், எங்கோ அறுந்திருக்கிறது என்று பொருள். அதிலேயே வெப்பம் −40 டிகிரி போல நம் ஊரில் நடக்கவே முடியாத அளவு தெரியும். இரண்டு வயர் கொண்ட அந்தச் சென்சாரின் கப்ளரைக் கழற்றி, வயரிங் பக்கத்து இரண்டு பின்களையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, சாவியைப் போடுங்கள். குறியீடு பி0117 (வோல்ட்டேஜ் குறைவு) என்று மாறினால் வயரும் இசியுவும் நலம், கோளாறு சென்சாரில் அல்லது அதன் பின்களில். மாறாவிட்டால் வயர் எங்கோ அறுந்திருக்கலாம், அல்லது இசியுவில் கோளாறு இருக்கலாம். மூன்று வயர் சென்சாரில் இதைச் செய்யவே கூடாது. 5 வோல்ட் வயர் எர்த்தில் பட்டால் இசியுவுக்கே ஆபத்து.

வெப்ப சென்சாரின் மின்தடையைத் தனியாகவும் அளந்து பார்க்கலாம். பல வண்டிகளில் சாதாரண வெப்பத்தில் 2 முதல் 3 கிலோ ஓம் வரை காட்டும். வெந்நீரில் முனையை நனைத்தால் சில நூறு ஓமுக்கு ஒரே சீராக இறங்க வேண்டும். துல்லியமான அளவு வண்டிக்கு வண்டி மாறும், சர்வீஸ் கையேட்டோடு ஒப்பிடுங்கள்.

த்ராட்டில் சென்சாரில் சிக்னல் வயரை கப்ளரின் பின்புறமாக மெல்லிய பின் நுழைத்து அளங்கள். மூடியிருக்கும்போது சுமார் 0.5 வோல்ட், முழுக்கத் திறந்தால் 4 வோல்ட்டுக்கு மேல். ஆக்சிலேட்டரை மிக மெதுவாகத் திருகும்போது நடுவில் ஓரிடத்தில் அளவு குதித்தாலோ விழுந்தாலோ சென்சார் தேய்ந்துவிட்டது. வயரின் உறையை மட்டும் ஊசியால் குத்தாதீர்கள். அந்தத் துளை வழியாக உப்பு ஈரம் புகுந்து, உள்ளே செம்பு நெடுகப் பச்சையாகி, சில மாதத்தில் வயரே பொடியாகிவிடும்.

ஆக்ஸிஜன் சென்சார் குறியீடு வந்தால் சைலன்சர் இன்ஜினோடு சேரும் இடத்தைப் பாருங்கள். உப்பில் அரித்து ஓட்டை விழுந்தால் வெளிக்காற்று உள்ளே இழுபட்டு, பெட்ரோல் குறைவு என்று சென்சார் பொய் சொல்லும். கசிவு இல்லாத சூடான இன்ஜினில் சிக்னல் 0.1க்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

விடியலில் எரிந்து, வெயில் ஏறியதும் அணையும் விளக்குதான் கடலோரத்தின் தனி அடையாளம். பின்களுக்கு நடுவே படிந்த உப்பு, பனி ஈரத்தை உறிஞ்சி மின்சாரத்தைக் கடத்துகிறது, காய்ந்ததும் நின்றுவிடுகிறது. உவர்ப்பான போர்வெல் தண்ணீரில் வண்டி கழுவினாலும் இதே கதைதான். இங்கே பலர் கான்டாக்ட் கிளீனரை மட்டும் அடித்துவிட்டு, திரும்பத் திரும்ப அதே கோளாறோடு நிற்கிறார்கள். உப்பு தண்ணீரில்தான் கரையும், கிளீனரில் கரையாது. சாவியை எடுத்து, பேட்டரி நெகடிவைக் கழற்றிவிட்டு, கப்ளரைப் பிரித்து, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் மெல்லிய பிரஷ்ஷால் கழுவுங்கள். நன்றாக உலரவிட்டு, பிறகு கிளீனர், கடைசியில் ரப்பர் சீலில் மின்சாரத்தைக் கடத்தாத டைஎலக்ட்ரிக் சிலிக்கான் கிரீஸ் மெல்லிய பூச்சு. உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். பின்களின் மேலுள்ள வெள்ளீயப் பூச்சு போய்விட்டால் அடுத்த களிம்பு இன்னும் வேகமாக வரும். சீல் கிழிந்திருந்தால் கப்ளரையே மாற்றுங்கள், சென்சாரை விட அது மலிவு.

ஹேண்டில்பார் கழுத்தருகே வயரிங்கை ஆட்டி, இடமும் வலமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். ஓடும் இன்ஜின் தடுமாறினால் அங்கேதான் முறிவு.

எல்லாம் சேர்த்தபின் குறியீட்டை அழித்து, ஓர் இரவு வண்டியை வெளியே பனியில் நிறுத்துங்கள். விடியலில் குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பி ஐந்து நிமிடம் ஓடவிட்டும் விளக்கு வரவில்லையென்றால்தான் வேலை முடிந்தது.