காலைக் குளிரில் பிக்கப் உதறுகிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்கழி, தை மாதங்களில் மூணாறு, தேவிகுளம், வட்டவடை பக்கம் விடியற்காலையில் வண்டி எடுப்பவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். ராத்திரி நல்லபடியாக வந்து நின்ற பிக்கப், காலையில் நகர்ந்ததும் தட் தட்டென்று அடிக்கும். வேகம் கூடக் கூட அடியும் நெருங்கி வரும். ஸ்டியரிங் லேசாக ஆடும், சீட் குலுங்கும். போடிமெட்டைத் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி முந்தல் வரும்போது வண்டியில் ஒரு குறையும் இருக்காது. போடியில் பட்டறைக்காரர் ஓட்டிப் பார்ப்பார், அவருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனாலும் வந்ததற்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று அலைன்மென்ட் நடக்கும், பேலன்சிங் நடக்கும், சில சமயம் நல்ல நிலையில் இருக்கும் பேரிங்கைக்கூடக் கழற்றி மாற்றுவார்கள். மறுநாள் காலை அதே தட் தட். பல சமயம் இதற்குக் காரணம், ராத்திரி நின்ற டயரில் தரை தொடும் இடம் தட்டையாக இறுகிவிடுவதுதான்.

முதல் தவறு இதுதான்: குளிரில் வரும் கோளாறை, வண்டி சூடேறிய பிறகு காட்டுவது. அடையாளம் முழுவதும் கிளம்பிய முதல் கால் மணி, அரை மணி நேரத்தில்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் நீங்கள் கவனிக்காததை அப்புறம் எந்த மெக்கானிக்காலும் கண்டுபிடிக்க முடியாது. எப்போது ஆரம்பித்தது, எந்த வேகத்தில், எவ்வளவு தூரத்தில் நின்றது, பிரேக் பிடித்தால் கூடுகிறதா என்று பார்த்து வையுங்கள். கூட வருபவர் செல்போனில் சத்தத்தைப் பதிவு செய்தால் இன்னும் நல்லது. "அண்ணே, வண்டி உதறுது" என்று சொல்வதைவிட, "அண்ணே, காலையில முதல் பத்து கிலோமீட்டர் மட்டும் பின்பக்கம் அடிக்குது, அப்புறம் நின்னுடுது" என்று சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும்.

டயரில் தட்டை எப்படி விழுகிறது

டயருக்குள் இருப்பது வெறும் ரப்பர் அல்ல, நூல் அடுக்குகளும் உண்டு. பழைய வகை நைலான் டயரில் உடம்பு முழுக்க நைலான் நூல்தான். ரேடியல் டயரிலும் பலவற்றில் எஃகுப் பட்டைக்கு மேலே ஒரு நைலான் அடுக்கு இருக்கும். நைலான் சூட்டில் தளரும், ஆறும்போது அப்போதிருக்கும் வடிவத்திலேயே இறுகும். தேனியில் வெயிலில் லோடு ஏற்றிக்கொண்டு மலையேறி, சூடான டயரோடு ராத்திரி மூணாற்றில் நிறுத்துகிறீர்கள். தரையில் படும் இடத்தில் டயர் அமுங்கித் தட்டையாக இருக்கிறது. எஸ்டேட் பள்ளங்களில் புல்லில் உறைபனி படிகிற குளிரில் அந்தத் தட்டை அப்படியே இறுகிவிடுகிறது. காலையில் வண்டி ஓடி டயர் சூடானதும் நூல் மறுபடி தளர்ந்து வட்டத்துக்கு வரும். ஆகவே இந்தத் தற்காலிகத் தட்டை ஒரு நோயே அல்ல. அதற்காக டயரை மாற்றுவது வீண் செலவு.

நைலான் டயரில் இது அதிகம், ரேடியலில் குறைவு. லோடோடு நின்றால் அதிகம், காலியாக நின்றால் குறைவு. காற்று குறைந்திருந்தால் ரொம்ப அதிகம். கேரட்டும் உருளைக்கிழங்கும் முந்தின சாயங்காலமே ஏற்றி, ராத்திரி முழுக்க நிறுத்தி, விடிவதற்கு முன் கிளம்பும் வட்டவடை வண்டிகளில் இந்தத் தொல்லை அதிகமாக இருப்பதில் ஆச்சரியமில்லை. முடிந்தால் லோடைக் காலையில் ஏற்றுங்கள். முடியாதென்றால் முதல் சில கிலோமீட்டரை நிதானமாக ஓட்டுங்கள், அது போதும்.

காற்றுக் கணக்கில் நடக்கும் பிழை

தவறுகளிலேயே பெரியது இதுதான் என்பேன். பெரும்பாலானவர்கள் கீழே, வெயில் நேரத்தில், ஓடி வந்த சூட்டோடு காற்றுப் பிடிக்கிறார்கள். மேலே போய்க் குளிரில் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

காருக்குச் சொல்லும் கணக்கு, வெப்பம் 5, 6 டிகிரி செல்சியஸ் குறைந்தால் ஒரு பவுண்டு இறங்கும் என்பது. பிக்கப்பின் பின் டயரில் 60 பவுண்டு போல வைக்கிறோம். அழுத்தம் கூடுதல் என்பதால் இறக்கமும் கூடுதல், 10 டிகிரிக்கு இரண்டரை பவுண்டு போகும். நின்று ஆறிய வண்டிக்கே தேனியில் 34 டிகிரியில் 60 வைத்தீர்கள் என்று கொள்வோம். மூணாற்றில் விடியற்காலை 5 டிகிரி என்றால் 7 பவுண்டு குறையும். இதில் இன்னொன்றும் உண்டு. மூணாறு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம், தேனி சுமார் 300 மீட்டர். மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால் கேஜ் 2 பவுண்டு கூட்டிக் காட்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கேஜில் 55 நிற்கும். சூடான டயரில் 60 வைத்திருந்தால் 50 அல்லது அதற்கும் கீழே இருக்கலாம். முழு லோடு, குறைந்த காற்று, உறைபனிக் குளிர் மூன்றும் சேர்ந்தால் தட்டை ஆழமாகத்தான் விழும். டயரின் தோள்பட்டையும் சீக்கிரம் தேயும்.

வண்டி தன் நாளைத் தொடங்கும் இடத்திலேயே, நகர்த்துவதற்கு முன், சொந்த கேஜில் பாருங்கள். கம்பெனி கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலோ புத்தகத்திலோ முன் டயருக்கு எவ்வளவு, லோடு இருந்தால் பின் டயருக்கு எவ்வளவு என்று போட்டிருக்கும், அதுதான் அளவு. குளிரில் சரியாக வைத்த காற்று, மதியம் கீழே இறங்கியதும் கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துப் பயந்து காற்றைப் பிடுங்கிவிடுகிறவர்கள் நிறையப் பேர். பிடுங்காதீர்கள். ஓடும்போது ஏறும் அழுத்தத்தையும் சேர்த்துத்தான் அந்த அளவு கொடுக்கப்பட்டிருக்கிறது. தட்டை விழக்கூடாது என்று டயரில் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்டிக் கல் போல நிரப்புவதும் தப்பு. ஈரமான இறக்கத்தில் பிடிமானம் போய்விடும்.

எல்லா அதிர்வையும் டயர் தலையில் கட்டுவது

காலையில் உதறினால் தட்டைதான் என்று முடிவு கட்டிவிட்டு, உண்மையான கோளாறைக் கவனிக்காமல் விடுவதும் அதே அளவு தவறு. ஓடச் சூடேறி மறைகிறதா, அப்படியே நிற்கிறதா, கூடிக்கொண்டே போகிறதா என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது.

வண்டி நகராமல் நின்றபடியே உதறினால் அது டயரே அல்ல. டீசல் இன்ஜினில், ஸ்டார்ட் ஆகும்போது சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக்கில் ஒன்று போயிருந்தாலும் குளிர் காலையில் ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் இன்ஜின் ஆடும், வெள்ளைப் புகை வரும், சூடானதும் சரியாகும். அதுவும் காலையில் வந்து மறைவதால் டயர் என்று நினைத்து ஏமாறுகிறார்கள். இன்ஜினைத் தாங்கும் மவுண்ட் ரப்பர் குளிரில் விறைத்திருந்தாலும் இதே போல இருக்கும்.

மலைப்பாதையில் ஒன்றும் இல்லாமல், தேனி தாண்டிச் சமதள ரோட்டில் 70, 80 வேகத்தில் மட்டும் ஸ்டியரிங் வாப்ளிங் அடித்தால் முன் சக்கரத்தில் பேலன்சிங் பார்க்க வேண்டும். கொண்டை ஊசியில் 30ஐத் தாண்டாத வண்டியில் அது வெளியே தெரியாது. எஸ்டேட் மண் ரோட்டில் ஓடும் வண்டி என்றால் பேலன்சிங்குக்கு முன் ரிம்மின் உட்பக்கம் கையை விட்டுப் பாருங்கள். ஈரச் செம்மண் அப்பிக் காய்ந்து ஒரு பக்கம் கட்டியாக நிற்கும். அதைச் சுரண்டிக் கழுவாமல் ரிம்மில் பேலன்சிங் வெயிட் அடித்தால், மண் விழுந்த அன்றே மறுபடி உதறும். இன்னொன்று, ராத்திரி நின்ற டயரை அப்படியே மெஷினில் ஏற்றினால் தட்டையையும் சேர்த்துக் கணக்குக் காட்டும். பதினைந்து இருபது கிலோமீட்டர் ஓட்டி, வந்ததும் ஜாக்கியில் தூக்கிக் கழற்றச் சொல்லுங்கள். அலைன்மென்ட் என்பது வண்டி ஒரு பக்கம் இழுப்பதற்கும் டயர் ஓரம் தேய்வதற்கும் உள்ள வைத்தியம். தட் தட்டுக்கு அதில் மருந்து இல்லை.

பிரேக் பிடிக்கும்போது மட்டும் துடித்தால் டிஸ்க் அல்லது டிரம். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது அடியிலிருந்து உறுமல் மாதிரி வேகமான அதிர்வு வந்தால், கியர் பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலைச் சுற்றவைக்கும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் (இணைப்பு), சென்டர் பேரிங் இரண்டையும் பாருங்கள். இதைப் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. பிக்கப் டயர் ஒரு சுற்றுக்கு இரண்டேகால் மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக உருளும். 30 வேகத்தில் வினாடிக்கு மூன்று நான்கு சுற்றுதான். அந்த அடியைக் காதால் எண்ண முடியும். புரொப்பெல்லர் ஷாஃப்ட் அதைப்போல நாலைந்து மடங்கு வேகமாகச் சுற்றுவதால் எண்ண முடியாது, ஒரே இரைச்சலாகத்தான் கேட்கும்.

சாக்பீஸ் சோதனை

காலையில் வண்டியை நகர்த்தாமல், நாலு டயரிலும் தரை தொடும் இடத்துக்கு நேர் மேலே, பக்கச் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். சமதளத்தில், மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் கொடுத்து, சந்தேகப்படும் சக்கரத்தை ஜாக்கியில் தூக்குங்கள். பின் சக்கரம் என்றால் கையால் சுற்ற கியரையும் ஹேண்ட் பிரேக்கையும் எடுக்க வேண்டியிருக்கும், ஆகவே கல் உறுதியாக இருக்க வேண்டும். வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள். டயருக்குப் பக்கத்தில் ஒரு செங்கல்லை வைத்து, அதன் மேல் ஒரு குச்சியைப் பட்டும் படாமலும் நிறுத்தி, சக்கரத்தை மெதுவாகச் சுற்றுங்கள். கோடு வரும் இடத்தில் குச்சிக்கும் டயருக்கும் நடுவே இடைவெளி கூடினால் ராத்திரித் தட்டை. அரை மணி ஓட்டிவிட்டு மறுபடி பார்த்தால் போயிருக்கும்.

கோட்டுக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் டயர் குச்சியில் முட்டினால், அங்கே கையால் தடவுங்கள். புடைப்பு இருந்தால் உள்ளே அடுக்கு விட்டுவிட்டது. ரீட்ரெட் டயரில் ஒட்டிய பட்டை கிளம்பினாலும் இப்படித்தான் இருக்கும். இதுதான் ஆபத்தான வகை. சூடேறினால் இது மறையாது, கூடும், கடைசியில் வெடிக்கும். அந்த டயரோடு லோடு ஏற்றி இறக்கத்தில் இறங்கவே கூடாது. அங்கேயே ஸ்டெப்னி போடுங்கள். போட்ட பிறகு ஐம்பது நூறு கிலோமீட்டரில் நட்டை மறுபடி முறுக்குங்கள், தளர்ந்த நட்டும் உதறலாகத்தான் முதலில் தெரியும்.

கோடில்லாத இடத்தில் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்து பள்ளமாக இருந்தால் பிரேக்கில் சக்கரம் பூட்டி இழுபட்டது. இது ஓடினால் ஆறாது. காலி வண்டியில் பின் சக்கரம் அடிக்கடி பூட்டுகிறது என்றால், லோடுக்குத் தக்கபடி பின் பிரேக்கை அளக்கும் வால்வைப் பாருங்கள். பல பிக்கப்களில் பின் ஆக்சிலுக்கு மேலே ஒரு கம்பியோடு இருக்கும். லோடில் பிரேக் பற்றவில்லை என்று அந்தக் கம்பியை வளைத்துக் கட்டும் பழக்கம் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். மழையில், காலி வண்டியில், வளைவில் பின்பக்கம் திரும்பிவிடும்.

இதே பள்ளம் காலையிலும் விழும். மலை இறங்கிச் சூடான டிரம்மோடு ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் போட்டுவிட்டு, ராத்திரி முழுக்கப் பனியில் நிற்கும் வண்டியில் பிரேக் ஷூ துருப்பிடித்து டிரம்மில் ஒட்டிக்கொள்ளும். காலையில் விடுபடாத சக்கரத்தை ஆக்சிலேட்டர் கொடுத்து இழுத்தால் டயர் தேய்ந்துபோகும். கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிடுவது நல்லது. ஒட்டியிருந்தால் முன்னும் பின்னுமாக மெதுவாக அசைத்து விடுவியுங்கள். கிளம்பும்போது கல்லை எடுத்து ஓரத்தில் போடுங்கள். பனி மூட்டத்தில் பின்னால் வரும் பைக்காரருக்கு ரோட்டில் கிடக்கும் கல் தெரியாது.

மாதக்கணக்கில் நின்ற வண்டியில் விழும் தட்டை ஒரே ஓட்டத்தில் போகாது. இரண்டு மூன்று நாள் லோடில்லாமல் ஓட்டிப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் அந்த டயர் இனி வட்டத்துக்கு வராது. அதன் வயதையும் பார்த்துவிடுங்கள். பக்கச் சுவரில் நாலு எண் இருக்கும், 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. தரையில் படும் ரப்பர் பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும், பக்கச் சுவரில் பொடிப் பொடியாக வெடிப்பு ஓடிய பழைய டயரை லோடு வண்டியின் முன் சக்கரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.