ஸ்லாக்கில் மெசேஜ் வரவில்லை, ஆனால் எல்லாம் பச்சை: என்-எய்ட்-என் இணைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என்-எய்ட்-என் (n8n) என்பது நோடு எனப்படும் படிகளைக் கோத்து, வொர்க்ஃப்ளோ என்ற தானியங்கி வேலைத்தொடரை அமைக்கும் கருவி. அதை அலுவலக அரட்டைச் செயலியான ஸ்லாக்கோடு இணைப்பது பெரிய வேலை இல்லை. ஸ்லாக்கில் ஒரு ஆப் உருவாக்கி, அதன் டோக்கனை (ரகசியச் சாவியை) எடுத்து ஒட்டி, "வணக்கம்" என்று ஒரு மெசேஜ் அனுப்பினால் போய்விடும். தலைவலி அதற்கப்புறம்தான். இந்த இணைப்பு கெட்டுப்போனால் பெரும்பாலும் சத்தமே வராது. சிவப்பில் எரர் வந்தால் யாராவது கவனிப்பார்கள். பச்சை டிக் விழுந்து, மெசேஜ் மட்டும் போகாமல் இருந்தால், "அந்த அலர்ட் இப்பல்லாம் வர்றதே இல்லையே" என்று யாரோ கேட்கும்வரை தெரியாது.

அந்தப் பச்சை டிக்கிலிருந்தே தொடங்கலாம். ஸ்லாக் ஏபிஐக்கு, அதாவது வெளிக் கருவிகள் ஸ்லாக்கோடு பேசும் வழிக்கு, ஒரு வினோதப் பழக்கம் உண்டு: கேட்டதைச் செய்ய முடியாவிட்டாலும் பல நேரங்களில் 200 (வெற்றி என்று பொருள்படும் எண்) என்றே பதில் தரும். உண்மை நிலவரம் பதிலுக்குள் இருக்கும். "ஓகே" என்ற ஃபீல்டில் ஃபால்ஸ் என்றும், அதன் பக்கத்தில் "நாட் இன் சேனல்", "சேனல் நாட் ஃபவுண்ட்" என்று காரணமும் வரும். என்-எய்ட்-என்னில் ஸ்லாக்குக்கென்றே இருக்கும் நோடு இதைப் படித்து எரர் காட்டிவிடும். அந்த நோடில் இல்லாத வசதிக்காக எந்த இணைய முகவரிக்கும் கோரிக்கை அனுப்பும் எச்டிடிபி ரிக்வெஸ்ட் நோடைப் போடுகிறோமே, அங்கேதான் சிக்கல். அது 200-ஐப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று நகர்ந்துவிடும். அதன் பின்னால் ஒரு இஃப் நோடு வைத்து, "ஓகே" ட்ரூ இல்லையென்றால் ஸ்டாப் அண்ட் எரர் நோடுக்குத் திருப்பிவிடுங்கள்.

"நாட் இன் சேனல்" வந்தால் பாட்டை (bot, ஆப்பின் பெயரில் மெசேஜ் போடும் கணக்கை) அந்தச் சேனலுக்குள் இன்வைட் செய்யவில்லை என்று அர்த்தம். பப்ளிக் சேனல்களுக்கு மட்டும், உள்ளே சேராமலேயே எழுத அனுமதிக்கும் தனி ஸ்கோப் (ஆப்புக்குத் தரும் அனுமதி) இருக்கிறது. பிரைவேட் சேனலுக்கு இன்வைட் செய்தே ஆக வேண்டும். புதிய ஸ்கோப் சேர்த்தபின் ஆப்பை மறுபடி இன்ஸ்டால் செய்யாமல் விடுவதும் அடிக்கடி நடப்பது. செட்டிங்ஸ் பக்கத்தில் ஸ்கோப் இருக்கும், டோக்கனுக்கு அது கிடைத்திருக்காது.

அடுத்தது எதிர்த்திசை, அதாவது ஸ்லாக்கில் ஒருவர் எழுதினால் இங்கே வொர்க்ஃப்ளோ ஓட வேண்டும். இதில் எல்லாரையும் படுத்துவது 3 விநாடி விதி. ஒரு நிகழ்வை அனுப்பிவிட்டு 3 விநாடிக்குள் பதில் வராவிட்டால், அது போய்ச் சேரவில்லை என்று ஸ்லாக் முடிவு செய்து மறுபடி அனுப்பும்: ஏறக்குறைய உடனே ஒரு முறை, 1 நிமிடம் கழித்து, 5 நிமிடம் கழித்து என மொத்தம் 3 முறை. ஸ்லாக்கில் எழுதும் புகாரை டிக்கெட்டாகப் பதியும் வொர்க்ஃப்ளோவில், ஸ்லாக் அனுப்புவதை வாங்கும் வெப்ஹுக் நோடு "கடைசி நோடு முடிந்தபின் பதில் சொல்" என்ற அமைப்பில் இருந்து, நடுவில் ஏஐ சுருக்கம் எழுத 8 விநாடி எடுக்கிறது என்று வையுங்கள். ஒரே புகாருக்கு நான்கு டிக்கெட் விழும். நேரத்தைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம்: 10:02, 10:02, 10:03, 10:08 என்று இருந்தால் பயனரைத் திட்டாதீர்கள், அவர் ஒரு முறைதான் எழுதியிருக்கிறார்.

தீர்வு, உடனே பதில் சொல்லிவிட்டு வேலையை அப்புறம் செய்வது. கூடவே, ஒவ்வொரு நிகழ்வோடும் வரும் ஈவென்ட் ஐடியைச் சேமித்து, ஏற்கெனவே பார்த்ததென்றால் விட்டுவிடுங்கள். இது மறுமுயற்சி என்று ஸ்லாக் சேர்த்து அனுப்பும் குறிப்பு (ஹெடர்) இருந்தாலே தூக்கிப் போடு என்று சிலர் யோசனை சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முதல் முயற்சி நிஜமாகவே வந்து சேராமல் போயிருந்தால், அந்தப் புகார் தொலைந்தே போகும்.

பாட் போடும் மெசேஜும் ஒரு நிகழ்வுதான் என்பதையும் மறக்கக் கூடாது. பாட் ஐடி இருக்கும் மெசேஜ்களை முதல் நோடிலேயே வடிகட்டாவிட்டால், தனக்குத் தானே பதில் சொல்லிக்கொண்டு சேனலை நிரப்பிவிடும்.

வெப்ஹுக்குக்கு டெஸ்ட், ப்ரொடக்ஷன் என்று இரண்டு யூஆர்எல் உண்டு. ஸ்லாக் ஆப்பில் ஒன்றைத்தான் கொடுக்க முடியும். டெஸ்ட் யூஆர்எல்லைக் கொடுத்தால் சரிபார்ப்பு ஜோராக முடியும். என்-எய்ட்-என் டெஸ்டுக்காகக் காத்திருப்பதை நிறுத்தியதும் அந்த யூஆர்எல்லும் செத்துவிடும்.

சொந்த சர்வரில் ஓட்டுபவர்களுக்கு நேர மண்டலம் ஒரு பொறி. எதையும் மாற்றாவிட்டால் என்-எய்ட்-என் நியூயார்க் நேரத்தை எடுத்துக்கொள்ளும். காலை 9 மணி நினைவூட்டல் சென்னையில் மாலை 6:30-க்கோ, அமெரிக்கக் குளிர்காலத்தில் 7:30-க்கோ வந்து நிற்கும். வொர்க்ஃப்ளோ செட்டிங்ஸில் ஏசியா/கொல்கத்தா என்று மாற்றினால் போதும்.

த்ரெட்டில், அதாவது ஒரு மெசேஜுக்குக் கீழேயே, பதில் போட அந்த மெசேஜின் டைம்ஸ்டாம்ப் (நேர எண்) வேண்டும். அதை ஷீட்டில் சேமிப்பவர்கள் அந்தக் கட்டத்தை டெக்ஸ்ட் ஆக வையுங்கள். எண்ணாக எடுத்துக்கொண்டால் 1712345678.120000 என்பது கடைசிச் சுழியங்களை இழந்துவிடும், த்ரெட் கிடைக்காது. சேனலைப் பெயரால் அல்ல, ஐடியால் குறிப்பிடுங்கள். யாராவது பெயரை மாற்றுவார்கள். அதேபோல @ போட்டு ஒருவரின் பெயரை எழுதினாலே அவருக்கு நோட்டிஃபிகேஷன் போகும் என்று நம்பாதீர்கள், பயனர் ஐடி வேண்டும்.

ஒரு சேனலுக்கு விநாடிக்கு ஒரு மெசேஜ் என்பதுதான் ஸ்லாக்கின் பொதுவான வரம்பு. ஷீட்டில் 300 வரி இருந்தால் 300 மெசேஜ் அனுப்பப் பார்ப்பார்கள், வரம்பு மீறியதாக 429 என்ற எரர் வரும், உடனே நடுவில் வெயிட் நோடு போடுவார்கள். தேவையில்லை. ஒரே மெசேஜாகத் தொகுத்து அனுப்புங்கள். சேனலில் இருக்கும் மனிதர்கள் 300-ஐயும் படிக்கப் போவதில்லை, மியூட் செய்துவிடுவார்கள். மியூட் ஆன சேனலுக்கு நாளைக்கு "பேமெண்ட் நின்றுவிட்டது" என்று போனாலும் யாரும் பார்க்கமாட்டார்கள். என்னைக் கேட்டால், யாராவது எழுந்து ஏதாவது செய்ய வேண்டிய விஷயம் மட்டுமே தனி மெசேஜாகப் போகலாம்.

ஒரு சேனலில் மெசேஜ் போட ஸ்லாக் தரும் இன்கமிங் வெப்ஹுக் யூஆர்எல்லும் ரகசியம்தான். அது கையில் இருந்தால் யார் வேண்டுமானாலும் உங்கள் சேனலில் எழுதலாம். எச்டிடிபி நோடில் நேரடியாக ஒட்டியிருந்தால், வொர்க்ஃப்ளோவை எக்ஸ்போர்ட் செய்து நண்பருக்கு அனுப்பும்போது அதுவும் சேர்ந்து போகும்.

கடைசியாக எரர் வொர்க்ஃப்ளோ, அதாவது வேறொரு வொர்க்ஃப்ளோ தோற்றால் தானாக ஓடுவது. பலரும் எரர் செய்தியையும் அதே ஸ்லாக் டோக்கன் வழியாகவே அனுப்ப அமைத்திருப்பார்கள். டோக்கனே ரத்தாகிவிட்டால் அந்தச் செய்தி எப்படிப் போகும்? அதை மட்டுமாவது மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். சோதிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: கையால் ஓட்டினால் எரர் வொர்க்ஃப்ளோ இயங்காது. தவறான சேனல் ஐடியைக் கொடுத்து, ஷெட்யூல் வைத்து, தானாக ஓடவிட்டு, மின்னஞ்சல் வருகிறதா என்று பாருங்கள்.