மூச்சை வைத்துத் தூக்கக் கோளாறைக் கண்டறிதல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூச்சுப் பரிசோதனையில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பல தவறுகள் தொடங்குகின்றன. தூக்க ஆய்வில் மூக்கில் மாட்டும் மெல்லிய குழாய், காற்று வந்து போவதைப் பதிவு செய்கிறது. மூச்சு 10 விநாடிகளாவது நின்றால் அதை ஓர் ஆப்னியா என்று எண்ணுவார்கள். மருத்துவர் முடிவெடுப்பது இத்தகைய பதிவை வைத்துத்தான். வெளிவிடும் மூச்சில் கலந்திருக்கும் வேதிப்பொருள்களை அளப்பது வேறு சோதனை. அது இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. ஒரே ஊதலில் நோயைச் சொல்லிவிடுவதாக யாராவது விளம்பரம் செய்தால் பணம் கட்டாதீர்கள்.

இந்த வேதிப்பொருள் சோதனையில் ஆய்வாளர்கள் வழுக்கி விழும் இடம், யாரை யாரோடு ஒப்பிடுவது என்பது. ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு அடிக்கடி நின்றுபோகும் நோய்) உள்ள பலருக்கு உடல் பருமனும் இருக்கும். அவர்களை ஒல்லியான ஆரோக்கியமானவர்களோடு ஒப்பிட்டால் மூச்சில் வேறுபாடு தெரியத்தான் செய்யும். அது எடையால் வந்ததா, சர்க்கரை நோயாலா, ஆப்னியாவாலா? பிரித்தறிய வழியில்லை. சூரிச் ஆய்வாளர்கள் இதற்கு நல்ல வழி கண்டார்கள். ஏற்கெனவே சிபாப் கருவியோடு (முகமூடி வழியே காற்றை அழுத்தி, மூச்சுப்பாதை மூடாமல் காக்கும் கருவி) தூங்குபவர்களைச் சேர்த்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் 2 வாரம் காற்றழுத்தத்தைப் பயன்தராத அளவுக்குக் குறைத்தார்கள். அதற்குள் எடை பெரிதாக மாறிவிடாது. ஆப்னியாதான் திரும்பி வரும். அப்போது மூச்சில் தெரிகிற மாற்றத்தை நம்பிப் பேசலாம். (மருத்துவக் கண்காணிப்பில் செய்தது அது. வீட்டில் நீங்களாகக் கருவியைக் கழற்றிவிடாதீர்கள்.)

மூச்சில் இருக்கும் வேதிப்பொருள்களில் ஒன்றான ஐசோபிரீன் இன்னொரு பொறி. தூக்கத்தில் காலை அசைத்தாலே அது மூச்சில் சட்டென ஏறிவிடும். மூளை அலைகளையும் கால் அசைவையும் கூடவே பதிவு செய்யாதவர், அதைத் தூக்கத்தின் நிலை மாறியதாக எண்ணிவிடுவார். சாப்பிடாமல் கழியும் இரவில் மூச்சில் உள்ள இன்னொரு வேதிப்பொருளான அசிட்டோன் கூடுவதும் இயல்புதான். அறைக் காற்றில் சானிட்டைசர் வாடை இருந்தால் அதுவும் அளவில் சேரும். ஆகவே அறைக் காற்றைத் தனியே அளந்தாக வேண்டும்.

நோயாளிகள் அதிகம் ஏமாறுவது, காற்றோட்டத்தைப் பதிவு செய்யும் முதல் வகைச் சோதனையை வீட்டிலேயே செய்யும்போது. பெரும்பாலான வீட்டுக் கருவிகள் மூளை அலைகளைப் பதிவு செய்வதில்லை. மணிக்கு எத்தனை மூச்சுத் தடங்கல் என்று கணக்கிட, விழித்துக் கிடந்த நேரத்தையும் சேர்த்தே வகுக்கின்றன. 8 மணி நேரப் பதிவில் ஒருவர் தூங்கியது 4 மணி நேரம், மூச்சுத் தடங்கல் 72 என்று வையுங்கள். உண்மையில் மணிக்கு 18, அதாவது நடுத்தர ஆப்னியா. அறிக்கையில் வருவதோ 9, லேசானது. பகலில் வண்டி ஓட்டும்போதே கண் சொக்குகிறது, அறிக்கை மட்டும் நன்றாக இருக்கிறது என்றால் அதோடு விட்டுவிடாமல், மருத்துவமனையில் இரவு தங்கிச் செய்யும் முழுத் தூக்க ஆய்வைக் கேளுங்கள்.