பட்டறையில் பழகிய தொழிலுக்கு என்.வி.கியூ. சான்றிதழ் பெறுவது எப்படி?

யாழ்ப்பாணத்தில் மேசன் வேலை, வயரிங், வெல்டிங் செய்வோரில் பலர் பயிற்சி நிலையம் எதற்கும் போகாமல், மூத்த தொழிலாளி ஒருவரிடம் கையாளாக நின்று தொழில் பழகியவர்கள். இவர்கள் மறுபடி வகுப்பில் அமராமலே, 'முன்கற்றலை அங்கீகரித்தல்' என்னும் முறையில் தேசிய தொழில் தகைமை (என்.வி.கியூ.) சான்றிதழைப் பெறலாம்.

தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை, தொழிற்பயிற்சி அதிகார சபை ஆகிய அரச நிறுவனங்களின் மாவட்ட அலுவலகங்களில் இதற்கு விண்ணப்பிக்கலாம். கட்டணத்தை அரச திட்டமொன்று பொறுப்பேற்கிறதா என்பதை விண்ணப்பிக்கும்போதே கேட்டறிய வேண்டும்.

தகைமையில் 7 மட்டங்கள் உள்ளன. 1 முதல் 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். பிறருடைய மேற்பார்வையின்றி வேலையை முழுமையாக முடிக்கக்கூடியவர் 4ஆம் மட்டத்தைக் கேட்பதே பொருத்தம். தயக்கத்தால் கீழ்மட்டத்தைக் கேட்பது வீண் என்பது என் கருத்து.

அடுத்தது அனுபவத்துக்கான ஆதாரம். வேலை கொடுத்தவரின் கடிதம், செய்து முடித்த வேலைகளின் படங்கள், பற்றுச்சீட்டுகள் ஆகியவற்றை ஒரு கோவையாகத் தொகுக்க வேண்டும். கேற் ஒன்றைச் செய்த வெல்டர், பூச்சு அடித்துப் பளபளக்கும் கேற்றை மட்டும் படமெடுத்தால் போதாது. இரும்பை அளந்து வெட்டுவதும், மூலைமட்டம் வைத்துப் பொருத்துவதும், ஒட்டிய இடத்தின் கசடைத் தட்டி நீக்குவதும் படங்களில் இருந்தால்தான் வேலை அவருடையது என்பது தெளிவாகும்.

மதிப்பீட்டாளர் செய்முறையைப் பார்ப்பதோடு கேள்விகளும் கேட்பார். அவர் கையில் இருப்பது, அந்தத் தொழிலில் என்னென்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை அலகு அலகாகச் சொல்லும் தேசிய தேர்ச்சித் தரம் என்பதால், மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு வெளியிட்டுள்ள அந்த ஆவணத்தை முன்கூட்டியே பெற்று, தாம் வழக்கமாகச் செய்யாத அலகுகள் எவை எனக் குறித்துக்கொண்டு, அவற்றையே பழக வேண்டும். கைபழகியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது தொழிலில் அன்று, பாதுகாப்பில்தான்: வெறுங்கண்ணோடு வெல்டிங் செய்வதும், மெயின் சுவிட்சை நிறுத்தாமல் வயரைத் தொடுவதும் பட்டறையில் கெட்டித்தனமாகத் தெரியலாம், மதிப்பீட்டில் அவை குறைகளே. சில அலகுகளில் மட்டும் தேர்ச்சி காணப்பட்டால், எஞ்சியவற்றுக்குப் பின்னர் மீண்டும் தோற்றலாம்.

விண்ணப்பத்தில் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் கடவுச்சீட்டில் உள்ளவாறே இருக்கட்டும். தந்தையின் பெயர் ஓர் ஆவணத்தில் முழுமையாகவும் மற்றொன்றில் முதலெழுத்தாகவும் இருப்பது நம்மிடையே சாதாரணம். வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது அதுவே இடைஞ்சலாகும்.

4ஆம் மட்டம் கைக்கு வந்தபின், அதே துறையில் 5ஆம் மட்ட டிப்ளோமாவுக்கு யாழ்ப்பாணத் தொழில்நுட்பக் கல்லூரியிலோ கிளிநொச்சி அறிவியல்நகரிலுள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகத்திலோ பாடநெறி உள்ளதா என விசாரிக்கலாம்.