குறுக்கெழுத்துக்குள் ஒளிந்திருக்கும் தேவதைக் கதை

சில குறுக்கெழுத்துப் புதிர்களில் கட்டங்களை எல்லாம் நிரப்பினாலும் வேலை முடியாது. நிழலிட்ட கட்டங்களில் விழும் எழுத்துகளை வரிசை மாற்றி அடுக்கினால்தான் ஒளிந்திருக்கும் கதையின் பெயர் கிடைக்கும். பழகுவதற்காக நான் அமைத்த குட்டிப் புதிர் இது. பென்சிலால் எழுதுங்கள்.

முதலில் நிழல் கட்டங்களை எண்ணுங்கள். விடைக்கு ஒன்றாக இங்கே 6. 'லா' ஒரு கட்டம். 'ல்' தனியாக ஒரு கட்டம்.

இனி குறிப்புகள். "கைகூடுவதும் இவளே, அம்மாவின் தங்கையும் இவளே (3)": சித்தி. "பார்வைக்குப் பின் ஒரு மாதம்; விழுந்தால் உடையும் (4)": கண் + ஆடி, கண்ணாடி. புதியவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். சித்தி, கண்ணாடி என்றதும் 'ஸ்னோ ஒயிட்' என்று எழுதக் கை பரபரக்கும். எண்ணிப் பாருங்கள், 5 கட்டம்தான் வருகிறது. தவிர, சித்தி கொடுமை பல கதைகளுக்குப் பொது. அதை நம்பி முடிவெடுக்கக் கூடாது.

ஒட்டாததுபோல் தெரியும் விடையைத்தான் நான் நம்புவேன். "சுவரில் ஓடும், வாலை உதறும் (3)": பல்லி. தேவதைக் கதையில் பல்லிக்கு என்ன வேலை? 1697இல் பிரெஞ்சு எழுத்தாளர் சார்ல் பெரோ வெளியிட்ட கதையில் பூசணி சாரட்டு வண்டியாகிறது, 6 சுண்டெலிகள் குதிரைகளாகின்றன, 6 பல்லிகள் ஏவலர்களாகின்றன. பூசணியைக் கொடுத்தால் உடனே பிடித்துவிடுவீர்களே!

மீதி எளிது. "மண்டபத்தில் கால்களுக்கு வேலை (4)": நடனம். "ஏழு பருவப் பெண்களும் மயங்கும் பவனி (2)": உலா. "தண்டவாளத்தை விட்டு இறங்காது (3)": ரெயில். கடைசி விடைக்கும் கதைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 'ரெ' தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

நிழலில் விழுந்தவை: சி, ண், ல், ட, லா, ரெ. இங்கே இலக்கணம் கைகொடுக்கும். புள்ளி எழுத்து சொல்லுக்கு முதலில் வராது. ண், ல் கழிந்தன. 'ண்' பின்னால் 'ட'வை இழுக்கும். 'ல்' பின்னால் 'லா'வை இழுக்கும். ஆக, 'ண்ட', 'ல்லா' என்று இரண்டு துண்டுகள். மிஞ்சியவை சி, ரெ. தமிழ்ச் சொல்லின் நடுவில் 'ரெ' அரிது என்பதால் இது அயல்பெயர் என்றும் ஊகிக்கலாம். சேர்த்தால் சிண்டரெல்லா, சரியாக 6 கட்டம்.

விடைகளைத் திரும்பப் பாருங்கள். அந்தக் கண்ணாடி முகம் பார்ப்பதற்கல்ல, காலில் செருப்பாக மாட்டுவதற்கு. இதே கதையை ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் சொன்ன வடிவத்தை வைத்துப் புதிர் அமைத்திருந்தால் அதற்குப் பதில் 'தங்கம்' வந்திருக்கும்; பல்லிக்கும் இடமில்லை.