மனிதனுக்கு அப்புறம் யார், வெயிலுக்கு யார் காரணம்: பிள்ளைகளோடு பேசிப் பார்க்க ஒரு வழி

எங்கள் பள்ளிக்கூடத்தில் மாதத்தின் கடைசி சனிக்கிழமை மதியம் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேர் வராந்தாவில் கூடிப் பேசுவார்கள். நான் அவர்களுடைய அறிவியல் டீச்சர். பிறந்தது அரியலூர்ப் பக்கம்தான், 22 வருடமாகப் பாடம் நடத்துவதும் இங்கேதான். வருடா வருடம் இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். மனுசங்க எல்லாரும் அழிஞ்சு போயிட்டா அடுத்து எந்த மிருகம் உலகத்தை ஆளும்? வெயில் இப்படி ஏறிக்கிட்டே போறதுக்கு நிஜமாவே நாமதான் காரணமா? முன்பெல்லாம் இரண்டையும் தனித்தனி நாளில் பேசுவோம். இப்போது ஒரே மதியத்தில் வைக்கிறேன். இரண்டுக்கும் பதில் தேடும் முறை ஒன்றுதான் என்பது எனக்கே தாமதமாகத்தான் புரிந்தது. உங்கள் ஊர் நூலகத்திலோ வீட்டு மாடியிலோ நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம், இரண்டு மணி நேரம் போதும்.

முதலில் தேவையான சாமான்கள். 26 மீட்டர் கயிறு, துணி காயப்போடும் கொடி போதும். கொஞ்சம் கிழிசல் துணி. ஒரு சுண்ணாம்புக்கல், கிடைக்காவிட்டால் கிளிஞ்சல். ஒரு எலுமிச்சம்பழம், ஒரு ஆணி. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று ஒன்று கொடுப்பார்கள். வெள்ளையாக, லேசாக, படகு மாதிரி இருக்கும். கிளிக்கூண்டில் செருகி வைப்பார்களே, அதேதான். அதிலும் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

கயிற்றை மைதானத்தில் நீட்டிப் போடுங்கள். ஒரு சென்டிமீட்டர் என்றால் ஒரு லட்சம் வருடம் என்று கணக்கு. இந்த முனை இன்றைக்கு. இங்கிருந்து 3 சென்டிமீட்டரில் ஒரு துணி: நம் இனம் தோன்றி சுமார் 3 லட்சம் வருடம். 6 மீட்டர் 60 சென்டிமீட்டரில் அடுத்த துணி: டைனோசர்கள் போன இடம். 25 மீட்டர் தாண்டி இன்னொன்று: 25 கோடி வருடத்துக்கு முன் நடந்த, இதுவரை நடந்ததிலேயே பெரிய அழிவு. துணிகளைப் பிள்ளைகள் கையாலேயே கட்ட விடுங்கள். நிலக்கரியை எரித்து இயந்திரம் ஓட்ட ஆரம்பித்த இந்த 250 வருடம் இந்தக் கயிற்றில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று கேளுங்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் தலைமுடியின் கனம்கூட வராது. அதைக் கேட்டதும் ஒரு அமைதி வரும், அதைக் கலைக்காதீர்கள்.

சரி, முதல் கேள்வி. யார் வருவார்கள் என்று சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். காக்கா, எலி, கரப்பான், நாய், குரங்கு என்று வரும். போனில் வீடியோ பார்த்த ஒருவன் ஆக்டோபஸ் என்பான். எல்லாவற்றையும் பலகையில் எழுதுங்கள், எதையும் ஒதுக்காதீர்கள். எழுதி முடித்ததும், “ஆளுறதுன்னா என்ன?” என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். எண்ணிக்கையா, மூளையா, ரொம்ப நாள் நிலைத்திருப்பதா? போன வருடம் ஒரு பெண் எழுந்து, “எறும்பு இப்பவே ஆளுதே டீச்சர்” என்றாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. 2022-இல் வந்த ஒரு கணக்கின்படி உலகத்தில் ஒவ்வொரு மனிதனுக்கும் சுமார் 25 லட்சம் எறும்புகள் இருக்கின்றன. பரிணாமம் என்பது ஏணி இல்லை, உச்சிப்படியில் நாம் நிற்கவும் இல்லை, நாம் இறங்கியதும் அடுத்தவர் ஏறுவதற்கு என்று அங்கே இடமும் இல்லை. இது பிள்ளைகள் மனதில் இறங்கினால் பாதி வேலை முடிந்தது.

அப்புறம் ஒவ்வொரு மிருகத்தையும் மூன்று கேள்விகளால் சோதியுங்கள். நாம் இல்லாத உலகத்தில் அது எதைச் சாப்பிடும்? எத்தனை விதமான இடத்தில் வாழும்? கற்றதைக் குட்டிக்குச் சொல்லிக்கொடுக்க அதற்கு ஆயுள் இருக்கிறதா?

இந்தச் சல்லடையில் கரப்பான் போடும் சண்டைதான் எனக்குப் பிடித்தது. அணுகுண்டு போட்டாலும் சாகாது என்று எல்லோருக்கும் நம்பிக்கை. ஆனால் சமையலறை அலமாரிக்குப் பின்னால் ஓடுகிற சின்னப் பழுப்புக் கரப்பான், ஜெர்மன் கரப்பான் என்கிறார்களே, அது மனிதன் கட்டிய கட்டடத்தை விட்டு வாழ்வதே இல்லை. 2024-இல் மரபணுவை வைத்து ஆராய்ந்தவர்கள், சுமார் 2,100 வருடத்துக்கு முன் இந்தியா, மியான்மர் பக்கத்துக் காட்டுக் கரப்பானிலிருந்து அது பிரிந்தது என்று கண்டார்கள். நம்மோடு வந்தது, நம்மோடு போய்விடும். காட்டில் இலைக் குப்பைக்குள் கிடக்கும் அதன் சொந்தக்காரர்கள் பிழைப்பார்கள். ஆக்டோபஸுக்கு மூளை உண்டு, ஆனால் பெரும்பாலான வகைகளுக்கு ஆயுள் ஒன்றிரண்டு வருடம்தான். முட்டை பொரியும் நேரத்தில் தாய் செத்துவிடும், குஞ்சுக்குச் சொல்லித்தர ஆள் இல்லை. காக்கையில் நியூ கலிடோனியத் தீவின் வகை குச்சியைக் கொக்கியாக்கிப் புழுவை இழுக்கும். ஆனால் நம் ஊர்க் காக்கை நாம் வைக்கும் சோற்றையும் குப்பையையும் நம்பி வாழ்கிறது. அது தனியாகப் பிழைக்குமா என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும்.

இங்கே கயிற்றிடம் திரும்புங்கள். முன்பு அழிவு வந்தபோது பிழைத்தது யார்? 25 மீட்டர் துணிக்குப் பக்கத்தில் லிஸ்ட்ரோசாரஸ் என்ற மிருகம் நிற்கிறது. பன்றி மாதிரி உடம்பு, வாயில் இரண்டு தந்தம், வளை தோண்டும். அழிவுக்கு அப்புறம் அண்டார்டிகா, தென்னாப்பிரிக்கா, நம் வங்காளம் என்று எங்கே தோண்டினாலும் இதன் எலும்புதான். பலசாலியும் இல்லை, கெட்டிக்காரனும் இல்லை. டைனோசர்கள் போன துணிக்கு இந்தப் பக்கமும் அதே கதை: தப்பியவை எலி அளவுக் குட்டிப் பாலூட்டிகள். அமெரிக்காவின் கொலராடோவில் கிடைத்த எலும்புகளைப் பார்த்தால், சுமார் 7 லட்சம் வருடத்தில் அவற்றின் வழிவந்தவற்றில் 50 கிலோ எடையுள்ளவை வந்துவிட்டன. கயிற்றில் அது வெறும் 7 சென்டிமீட்டர்.

எங்கள் ஆய்வகப் பழைய பெட்டியில் பெலம்னைட் என்ற புதைபடிவம் ஒன்று இருக்கிறது. காரை என்ற ஊருக்குப் பக்கத்து மேடுகளில் எப்போதோ யாரோ எடுத்தது. சுண்டுவிரல் நீளம், துப்பாக்கித் தோட்டா வடிவம், தேன் நிறம். வெளிச்சத்தில் பிடித்தால் ஓரம் லேசாக ஒளி விடும். கணவாய் மாதிரி ஒரு உயிரின் உடம்புக்குள் இருந்த முள் அது. சுமார் 10 கோடி வருடத்துக்கு முன் இந்த இடம் கடல். இடது கையில் பெலம்னைட்டும் வலது கையில் கடல்நுரையும் வைத்துப் பார்க்கச் சொல்வேன். கடல்நுரை இன்றைய கணவாயின் உள் ஓடு. ஒரு சொந்தம் பூண்டோடு போனது, இன்னொன்று மீன் கடையில் கிடைக்கிறது. நத்தைபோலச் சுருண்ட அம்மோனைட்டுகளும் டைனோசர்களோடு போயின, அவற்றின் தூரத்துச் சொந்தமான நாட்டிலஸ் இன்றும் நீந்துகிறது. அம்மோனைட் குஞ்சுகள் மிகச் சிறியவை, கடலின் மேல்மட்டத்தில் மிதப்பதைத் தின்று வளர்ந்தவை. அந்த மேல்மட்டம்தான் முதலில் செத்தது. நாட்டிலஸ் பெரிய முட்டையிட்டு ஆழத்தில் வாழ்வது. இதைத்தான் முக்கியமான காரணமாகச் சொல்கிறார்கள். (காரைக்குப் போனால் பார்த்துவிட்டு, அளந்துவிட்டு, படமெடுத்துவிட்டு, கல்லை அங்கேயே விட்டு வாருங்கள். ஒவ்வொருவரும் ஒன்று எடுத்து வந்தால் அடுத்து வருகிற பிள்ளைக்கு அங்கே ஒன்றும் இருக்காது.)

டைனோசர்களை எது கொன்றது என்பதிலும் சண்டை நடந்தது. 1980-இல் ஆல்வாரெஸ் என்ற விஞ்ஞானியின் குழுவினர், டைனோசர்கள் அழிந்த காலத்து மண்ணடுக்கில், பூமியின் மேல்பரப்பில் அரிதான இரிடியம் நிறைய இருப்பதைக் காட்டினார்கள். விண்கல் விழுந்ததன் அடையாளம் அது. பிறகு மெக்சிகோவில் பள்ளமே அடையாளம் காணப்பட்டது. அதே காலத்தில் வெடித்த தக்காண எரிமலைகளுக்கு எவ்வளவு பங்கு என்ற பேச்சு இன்னும் ஓடுகிறது. இதை ஐந்து நிமிடம் சொல்லிவிட்டு இரண்டாம் கேள்விக்குள் நுழையுங்கள். குற்றம் செய்தவர் யாராக இருந்தாலும் கைரேகை விட்டுப் போயிருப்பார், அதைத் தேட வேண்டும். முறை இதுதான்.

நான்கு சீட்டு எழுதுங்கள்: சூரியன், எரிமலை, பூமியின் பாதை, மனிதன். குழுக்கள் குலுக்கி எடுக்கட்டும். எந்தச் சீட்டு வந்தாலும் அதற்காக நேர்மையாக வாதாட வேண்டும், “காரணம் நான் என்றால் இந்த அடையாளம் தெரிய வேண்டும்” என்று முதலில் சொல்ல வேண்டும். அதன் பிறகே அளவுகளைப் பார்க்கலாம். இன்னொரு விதி, யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கக் கூடாது. இந்த விதி என் தப்பில் பிறந்தது. முதல் வருடம் ஒரு பையன் எல்லாம் சூரியனால்தான் என்று சொன்னபோது, புத்தகத்தில் அப்படியா போட்டிருக்கிறது என்று கேட்டு உட்கார வைத்துவிட்டேன். அந்த வருடம் முழுக்க அவன் வாய் திறக்கவில்லை. அவன் கேட்டது நல்ல கேள்வி. அதற்கு என்னிடம் அன்றைக்குச் சரியான பதில் இல்லை, அதுதான் உண்மை.

இப்போது இருக்கிறது. சூரியன் காரணமென்றால் காற்று மண்டலம் கீழிருந்து மேல்வரை சூடாக வேண்டும். அளந்து பார்த்தால் தரைக்குப் பக்கத்தில் சூடு ஏறுகிறது, 20 கிலோமீட்டருக்கு மேலே குளிர்ந்துகொண்டு போகிறது. கரியமில வாயு கூடினால் இப்படித்தான் ஆகும் என்று சியுகுரோ மனாபே 1967-லேயே கணக்கிட்டுச் சொன்னார், 2021-இல் நோபல் பரிசு பெற்றார். போர்வை போர்த்தியவருக்கு உள்ளே வெதுவெதுப்பு, போர்வைக்கு வெளியே சில்லிப்பு என்று சொன்னால் பிள்ளைகளுக்குப் பிடிபடும். தவிர, 1978 முதல் செயற்கைக்கோள்கள் சூரியனை அளக்கின்றன. 11 வருடச் சுழற்சியில் சுமார் 0.1 சதவீதம் ஏறி இறங்குகிறதே தவிர, தொடர்ந்து ஏறவில்லை.

எரிமலைக் குழு பினாடுபோவைக் கொண்டுவரும். 1991-இல் பிலிப்பைன்ஸில் அது வெடித்தபோது மேலே போன கந்தகத் தூசி வெயிலை மறைத்து உலகத்தையே கிட்டத்தட்ட அரை டிகிரி குளிர வைத்தது, ஒன்றிரண்டு வருடம். எரிமலைகள் கக்கும் கரியமில வாயுவோ நாம் விடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பூமி சூரியனைச் சுற்றும் பாதையும் அதன் சாய்வும் மாறுவது நிஜம், பனி யுகங்கள் வந்து போனது அதனால்தான். ஆனால் அந்தச் சுழற்சிகளுக்கு 23,000, 41,000, 1,00,000 வருடம் ஆகும். கயிற்றில் காட்டுங்கள், 250 வருட வேலை அதற்குப் பொருந்தாது. கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று, பழைய பனிக்கட்டியில் முதலில் சூடு ஏறி அப்புறம்தானே கரியமில வாயு ஏறியிருக்கிறது என்று கேட்கும். ஆமாம் என்று ஒத்துக்கொள்ளுங்கள். அப்போது பாதை மாறியதால் சூடு தொடங்கியது, கடல் வாயுவை வெளியே விட்டது, வாயு சூட்டை மேலும் ஏற்றியது. இப்போது தொடக்கமே வாயுதான்.

மனிதன் குழுவுக்கு அளவுகள் நிறைய. 1856-இல் யூனிஸ் ஃபுட் என்ற பெண் கண்ணாடிக் குழாயில் கரியமில வாயுவை அடைத்து வெயிலில் வைத்து, அது மற்றக் காற்றைவிட அதிகம் சூடாவதைக் கண்டார். 1958-இல் ஹவாயின் மௌனா லோவா மலையில் கீலிங் என்ற விஞ்ஞானி அளக்கத் தொடங்கியபோது காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்துக்கு 315 பங்கு, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. அண்டார்டிகப் பனியில் அடைபட்ட குமிழிகளில் 8 லட்சம் வருடம் தேடினாலும் 300-க்கு மேல் இருந்ததில்லை. அடுத்தது கைரேகை. கார்பனில் லேசானது கார்பன்-12, கொஞ்சம் கனமானது கார்பன்-13. செடிகள் லேசான கார்பன்-12-ஐயே விரும்பி எடுக்கும். நிலக்கரியும் பெட்ரோலும் பழைய செடியும் கடல் நுண்ணுயிரும். அவற்றை எரிக்க எரிக்கக் காற்றில் கார்பன்-13-இன் பங்கு குறைய வேண்டும். குறைந்துகொண்டே வருகிறது.

இதை முடித்ததும் அடுத்த விவாதம் எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். வாயு இரண்டு மடங்கானால் சூடு ஏறுவது இரண்டரை டிகிரியா நான்கா? மேகங்கள் என்ன செய்யும்? யார் எவ்வளவு குறைக்க வேண்டும்? ஒரு இந்தியர் பங்குக்கு வருடத்துக்குச் சுமார் 2 டன் கரியமில வாயு, ஒரு அமெரிக்கர் பங்குக்குச் சுமார் 14 டன். நிஜமான சண்டை இங்கேதான் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளில் பல பேருடைய அப்பாக்கள் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார்கள், சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கிறார்கள். உங்கள் ஊரிலும் இதுபோல ஒன்று இருக்கும். குற்றவாளி வீட்டுப் பிள்ளை என்று யாருக்கும் தோன்றிவிடக் கூடாது. பேசுவது கல்லைப் பற்றியும் வாயுவைப் பற்றியும் என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுங்கள்.

கடைசியாகக் கல்லை எடுங்கள். ஆணியால் சுரண்டி, பொடி படிந்த இடத்தில் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விடுங்கள். காதைக் கிட்ட வைத்தால் சுர்ரென்று ஒரு மெல்லிய சத்தம், வெள்ளைக் குமிழிகள். அது கரியமில வாயு. எங்கள் கள்ளங்குறிச்சிப் பக்கத்துக் கல் முழுக்கச் சிப்பி ஓடு. சுமார் 7 கோடி வருடத்துக்கு முன் அந்தச் சிப்பிகள் கடல் நீரிலிருந்து எடுத்துப் பூட்டிய கார்பன்தான் இப்போது குமிழியாக வெளியே வருகிறது. சிமெண்ட் சூளையில் நடப்பதும் இதேதான்: ஒரு கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 440 கிராம் கரியமில வாயு. (சிப்பி ஓட்டின் கார்பனில் அந்தச் செடிக் கைரேகை இருக்காது. ஒரு பிள்ளை இதைத் தானாகவே கண்டுபிடித்துக் கேட்டால் அன்றைக்கு உங்களுக்குத் திருவிழா.)

குமிழி அடங்கியதும் இரண்டு கேள்விகளையும் சேர்த்து ஒன்றாகக் கேளுங்கள். எலி வழி வந்ததோ காக்கை வழி வந்ததோ, 7 கோடி வருடம் கழித்து யாரோ ஒருவர் அரியலூரில் தோண்டுகிறார். நம் அடுக்கில் அவருக்கு என்ன கிடைக்கும்? போன மாதம் எங்கள் பலகையில் சேர்ந்தது: கான்கிரீட், பிளாஸ்டிக், எக்கச்சக்கமான கோழி எலும்பு, கார்பன்-13 குறைந்த மண், இருந்த இடத்தில் சட்டென்று இல்லாமல் போன மிருகங்கள். கடைசி வரியை எழுதியது எறும்பைச் சொன்ன அதே பெண். அந்தப் பட்டியலை அழிக்காதீர்கள். திங்கட்கிழமை காலையில் வராந்தா வழியாக வருகிற மற்றப் பிள்ளைகளும் நின்று படிக்கட்டும்.